லிஸ்டில் 'நம்பர் ஒன்' அல்கோ: சீட்டுப் பணத்தை கட்டலாமா? உஷார் கணக்கு!

ஆதம்பாக்கம்: காலை 9.15 மணிக்கு பங்குச் சந்தை திறக்கும்போது, கிண்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட் ஏறிய தொழிலாளி போனை கையில் எடுக்க முடியாது. எடுத்தால் சூப்பர்வைசர் சும்மா விட மாட்டார். "நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க. உங்க பேருல கம்ப்யூட்டரே வாங்கும், விற்கும். சாயங்காலம் லாபம் கணக்குல ஏறும்" என்று ஒரு ஆப் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது?

இதுதான் அல்கோ டிரேடிங். எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்த விதிகளின்படி கம்ப்யூட்டர் தானாக ஆர்டர் போடும். மனுஷன் கை வைக்க வேண்டியதே இல்லை. பெரிய கம்பெனிகள் மட்டும் வைத்திருந்த இந்த ஆயுதம் இப்போது சாதாரண செல்போனுக்கே வந்துவிட்டது.

சிக்கல் எங்கே என்றால், ஆப்பைத் திறந்ததும் ஒன்றிரண்டு அல்கோ இல்லை, நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி நிற்கின்றன. வெளிநாட்டு தளங்களில் ஆயிரக்கணக்கில். அதிக லாபம் காட்டுவது உச்சியில், பக்கத்தில் பச்சை கலரில் சதவீதம். இதில் எதை எடுப்பது? மேலே இருப்பதைத் தொட்டுவிட்டு பணத்தைக் கட்டுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

ஆதம்பாக்கம் என்.ஜி.ஓ. காலனி பக்கம் குடியிருக்கும் ஒரு வெல்டர் என்று வைத்துக்கொள்வோம். சீட்டு எடுத்த பணம் ஒன்றரை லட்சம் பேங்கில் கிடக்கிறது. ஜூன் மாதம் மகளுக்கு காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய பணம். ஞாயிற்றுக்கிழமை மச்சான் வருகிறான்.

"மாமா, இந்த அல்கோவைப் பாரு. பத்து மாசம், பத்து மாசமும் லாபம். ஒரு மாசம்கூட மிஸ் ஆகல."

"நெஜமாவாடா? பத்துக்குப் பத்தா?"

"லிஸ்ட்லயே நம்பர் ஒன் மாமா. சும்மா பேங்க்ல போட்டு வச்சு என்ன பண்ணப் போற? பீஸ் கட்டுறதுக்குள்ள டபுள் ஆயிடும்."

மச்சான் பொய் சொல்லவில்லை. பத்து மாதமும் லாபம் என்பது உண்மையாகவே இருக்கலாம். அப்படியும் அந்த அல்கோவுக்கு ஒரு திறமையும் இல்லாமல் இருக்கலாம்!

பரங்கிமலை ஸ்டேஷனில் ஒரு நாணய விளையாட்டு

எப்படி என்று கேட்டால், பரங்கிமலை ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே காலை கூட்டத்தில் 1,024 பேரைப் பிடித்து ஆளுக்கு ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்துச் சுண்டச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். தலை விழுந்தவர் நிற்கலாம், பூ விழுந்தவர் ரயில் ஏறிப் போகலாம்.

முதல் சுற்றில் சுமார் 512 பேர் நிற்பார்கள். அடுத்து 256. பிறகு 128, 64, 32, 16, 8, 4, 2. பத்தாவது சுற்றில் ஒருவர் நிற்பார். பத்து முறை சுண்டி பத்து முறையும் தலை! அவருக்கு மாலை போட்டு, "நாணயம் சுண்டுவதில் நம்பர் ஒன்" என்று பேனர் வைத்து, அவரை நம்பி சீட்டுப் பணத்தைக் கொடுக்கலாமா? பதினோராவது முறை அவருக்கும் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு.

அந்தக் கூட்டத்தில் பத்துக்கு எட்டு முறையாவது தலை விழுந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் தெரியுமா? கணக்குப்படி சுமார் 56 பேர். ஒரு லிஸ்டின் முதல் மூன்று பக்கத்தை நிரப்ப இது போதும். ஒருவருக்கும் ஒரு வித்தையும் தெரியாது, எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம்.

அல்கோ லிஸ்டிலும் இதே கதைதான். ஆயிரம் அல்கோ இருந்தால், அத்தனையும் வெத்து வேட்டாக இருந்தாலும், ஒன்று பத்து மாதமும் ஜெயித்து உச்சியில் உட்கார்ந்திருக்கும். லிஸ்ட் எவ்வளவு பெரிசோ அவ்வளவுக்கு உச்சியில் இருப்பது அதிர்ஷ்டத்தால் வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். நிறைய இருந்தால் நல்லது கிடைக்கும் என்று காய்கறி மார்க்கெட்டில் நினைக்கலாம். இங்கே நினைத்தால் பணம் அம்போ.

வங்காளதேச வெண்ணெயும் அமெரிக்க பங்கும்

இன்னொரு கூத்து 'பேக் டெஸ்ட்'. ஒரு அல்கோவை எழுதி, பழைய சந்தை விலைகளில் ஓட்டிப் பார்ப்பதற்குப் பெயர் இது. "5 வருஷத்துக்கு முன்னாடி இந்த அல்கோவுல 1 லட்சம் போட்டிருந்தா இன்னைக்கு 9 லட்சம்" என்று விளம்பரத்தில் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த ஓட்டம்தான். நிஜத்தில் யாரும் 1 லட்சம் போடவில்லை. யாரும் 9 லட்சம் எடுக்கவும் இல்லை.

முந்தின வருஷ கேள்வித்தாளை கையில் வைத்துக்கொண்டு பதில் எழுதினால் யாருக்குத்தான் நூற்றுக்கு நூறு வராது? எழுதுகிறவர் விதியை மாற்றி மாற்றி ஓட்டுவார். 20 நாள் சராசரி விலையை வைத்துப் பார்த்தால் நஷ்டம். 19 நாள் வைத்தால் கொஞ்சம் லாபம். 17 நாள் வைத்தால் பிரமாதம். உடனே 17-ஐ வைத்து லிஸ்டில் ஏற்றிவிடுவார். 17-க்கு என்ன விசேஷம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

இந்தக் கோளாறைக் கிண்டல் செய்யவே 1990களில் டேவிட் லைன்வெபர் என்ற அமெரிக்கர் ஒரு வேலை செய்தார். உலக நாடுகளின் புள்ளிவிவரங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் கொட்டி, அமெரிக்க பங்குச் சந்தையின் 'எஸ் அண்ட் பி 500' குறியீட்டோடு எது ஒத்துப் போகிறது என்று தேட விட்டார். வந்து விழுந்தது வங்காளதேசத்தின் வெண்ணெய் உற்பத்தி! குறியீட்டின் ஏற்ற இறக்கத்தில் 75 சதவீதத்தை அது 'விளக்கியது'. கூடவே அமெரிக்க பாலாடைக்கட்டியையும் ஆடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்ததும் 99 சதவீதம். ஆட்டை எண்ணி பங்கு வாங்க முடியுமா? தேடிக்கொண்டே இருந்தால் எதுவும் எதோடும் ஒத்துப் போகும் என்று காட்டத்தான் அவர் இதைச் செய்தார். அந்தக் கணக்கையே நிஜம் என்று நம்பி அவரிடம் விவரம் கேட்டவர்களும் உண்டாம்.

888 அல்கோ, ஒரு ஆய்வு

'இதெல்லாம் தியரி' என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு நிஜ கதை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2011-ல் தொடங்கிய குவாண்டோபியன் என்ற கம்பெனி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் அல்கோ எழுதலாம், நன்றாக இருந்தால் நாங்கள் பணம் போடுகிறோம் என்று கதவைத் திறந்து விட்டது. சுமார் 3 லட்சம் பேர் சேர்ந்தார்கள். ஸ்டீவன் கோஹன் என்ற பெரும் பணக்கார முதலீட்டாளர் 25 கோடி டாலர் வரை தருவதாக 2016-ல் அறிவித்தார். உலகத்தின் பெரிய அல்கோ களஞ்சியங்களில் ஒன்று அது.

அதே 2016-ல் அந்தக் கம்பெனிக்காரர்களே தங்களிடம் இருந்த 888 அல்கோக்களை எடுத்து ஆராய்ந்தார்கள். பழைய விலையில் ஓட்டியபோது காட்டிய வேகம், பிறகு புது நாட்களில் வந்ததா? கிட்டத்தட்ட இல்லை! முழு தொடர்பு இருந்தால் 1, தொடர்பே இல்லாவிட்டால் 0 என்று வைக்கும் அளவுகோலில் கிடைத்தது 0.025-க்கும் கீழே. அதைவிட பெரிய அடி, ஒரு அல்கோவை எத்தனை அதிகம் முறை பேக் டெஸ்ட் ஓட்டிச் செதுக்கினார்களோ, அத்தனைக்கு அத்தனை பிறகு ஏமாற்றம் கூடியது.

அந்த ஆய்வில் ஒரு நல்ல சேதியும் இருந்தது. லாபம் திரும்பி வரவில்லையே தவிர, ஆட்டம் திரும்பி வந்தது. அதாவது பழைய ஓட்டத்தில் அதிகம் ஏறி இறங்கிய அல்கோ, பெரிய பள்ளத்தில் விழுந்த அல்கோ என்ற விவரங்கள், பிறகு நடக்கப் போவதை லாப சதவீதத்தை விட நன்றாகக் காட்டிக் கொடுத்தன.

குவாண்டோபியன் தன் பண்டை 2020 தொடக்கத்தில் மூடி முதலீட்டாளர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் கடையையே கட்டிவிட்டது. 3 லட்சம் பேர் எழுதிக் குவித்த குவியலில் இருந்து, படித்த நிபுணர்கள் கம்ப்யூட்டர் வைத்துத் தேடியே இந்த கதி.

ஜெயிப்பது யார்?

அப்படியென்றால் அல்கோவே மோசடியா? இல்லை. அல்கோவால் கொள்ளை லாபம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

பங்குச் சந்தையை கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் ஒரு ஆய்வை வெளியிட்டது. எஃப் அண்ட் ஓ எனப்படும் பியூச்சர்ஸ், ஆப்ஷன் சந்தையில் 2021-22 முதல் 2023-24 வரை 3 ஆண்டுகளில் 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள் இறங்கினார்கள். 100-க்கு 93 பேருக்கு நஷ்டம். நஷ்டப்பட்டவர்கள் இழந்தது சராசரியாக ஆளுக்கு சுமார் 2 லட்சம் ரூபாய். எல்லாருடைய நஷ்டமும் சேர்ந்து 1.8 லட்சம் கோடியைத் தாண்டியது. இதில் அல்கோ வைத்தவர், கையால் ஆர்டர் போட்டவர் எல்லாரும் அடக்கம்.

இவர்கள் கோடீஸ்வரர்கள் இல்லை. 2023-24-ல் இந்தச் சந்தையில் இறங்கிய தனிநபர்களில் 75 சதவீதத்துக்கு மேல் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கும் கீழே என்று சொன்னவர்கள். கிட்டத்தட்ட நம்ம வெல்டர் மாதிரி ஆட்கள்.

அதே 2023-24-ல் சொந்தப் பணத்தில் டிரேடிங் செய்யும் பெரிய கம்பெனிகள் சுமார் 33 ஆயிரம் கோடியும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 28 ஆயிரம் கோடியும் லாபம் அள்ளின. வெளிநாட்டு நிறுவனங்களின் லாபத்தில் 97 சதவீதமும், சொந்தப் பண கம்பெனிகளின் லாபத்தில் 96 சதவீதமும் அல்கோ மூலம் வந்ததுதான்! எதிர்ப்பக்கம் நிற்பதும் மெஷின்தான். ஆனால் அந்த மெஷின் எக்ஸ்சேஞ்சின் சர்வருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் கணக்கில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். மாதம் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு வாடகைக்குக் கிடைக்கும் அல்கோ இதோடு மோத வேண்டும்.

2024-25-லும் நிலைமை பெரிதாக மாறவில்லை. நஷ்டப்பட்டவர்கள் 91 சதவீதம், மொத்த நஷ்டம் 1,05,603 கோடி ரூபாய் என்று செபி 2025 ஜூலையில் சொன்னது. அதே மாதம் 3-ம் தேதி, அமெரிக்காவின் ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனம் பேங்க் நிப்டி குறியீட்டை வளைத்து லாபம் பார்த்ததாகக் குற்றம் சாட்டி 4,843 கோடி ரூபாயை முடக்கி இடைக்கால உத்தரவு போட்டது. அந்த நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்கு எப்படிப் போனாலும், சின்ன அல்கோ எந்தக் குளத்தில் மீன் பிடிக்க வலை போடுகிறது என்பதைக் காட்ட இது ஒன்று போதும்.

நம்பர் பிளேட் வந்தாச்சு, ஆனா...

அரசு தரப்பில் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறார்கள். 2022 செப்டம்பர் 2-ம் தேதி செபி ஒரு சுற்றறிக்கை விட்டது. அல்கோ சேவை தரும் புரோக்கர்கள், இவ்வளவு லாபம் தந்தது, இவ்வளவு தரும் என்று நேராகவோ சுற்றி வளைத்தோ விளம்பரம் செய்யக் கூடாது என்றது. அப்படி விளம்பரம் செய்பவர்களோடு கூட்டு வைக்கவும் கூடாது. அதாவது, பச்சை கலர் சதவீதத்தைக் காட்டி ஒரு புரோக்கர் ஆள் பிடித்தால் அதுவே விதிமீறல்.

அடுத்து 2025 பிப்ரவரி 4-ம் தேதி வந்தது பெரிய விதி. சில்லறை முதலீட்டாளர் பயன்படுத்தும் அல்கோக்களை எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு ஆர்டரிலும் அதன் அடையாள எண் இருக்க வேண்டும். அல்கோ தரும் கம்பெனிகள் எக்ஸ்சேஞ்சில் பெயர் சேர்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில் அமலாவதாக இருந்தது தள்ளிப்போய், கடைசியில் எல்லா புரோக்கர்களுக்கும் முழுமையாக 2026 ஏப்ரல் 1 முதல் என்று செபி தேதி குறித்தது.

சுருக்கமாகச் சொன்னால், அல்கோவுக்கு நம்பர் பிளேட் வந்துவிட்டது. ஆனால் ஆட்டோவுக்கு நம்பர் பிளேட் இருப்பதும், டிரைவர் ஒழுங்காக ஓட்டுவதும் வேறு வேறு. இடித்தால் யார் வண்டி என்று கண்டுபிடிக்கலாம், அவ்வளவுதான். 'செபி அப்ரூவ்டு அல்கோ, லாபம் கியாரண்டி' என்று யாராவது சொன்னால் அந்த நிமிஷமே நடையைக் கட்டலாம். செபி எந்த அல்கோவின் லாபத்துக்கும் ஜாமீன் நிற்பதில்லை.

இந்த விதியில் உருப்படியான ஒரு விஷயம் உண்டு. அல்கோக்களை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். விதி என்ன என்று வெளிப்படையாகத் தெரிகிற 'ஒயிட் பாக்ஸ்'. உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டாத 'பிளாக் பாக்ஸ்'. இரண்டாவதை விற்க வேண்டுமானால் செபியிடம் ரிசர்ச் அனலிஸ்ட்டாகப் பதிவு வேண்டும். பதிவு எண் 'ஐ.என்.எச்.' என்ற எழுத்துகளில் ஆரம்பிக்கும். செபி வெப்சைட்டில் அந்த எண்ணைப் போட்டால் பெயர் வர வேண்டும். வராவிட்டால் பேச்சை அதோடு முடித்துவிடலாம். லிஸ்டில் பாதி இங்கேயே கழிந்துவிடும்.

லிஸ்டை தலைகீழாகத் திருப்பு

மிச்சத்தை எப்படிச் சலிப்பது? லாபத்தை வைத்து வரிசைப்படுத்தி இருப்பதை முதலில் மாற்ற வேண்டும். பள்ளத்தை வைத்து வரிசைப்படுத்த வேண்டும். உச்சத்தில் இருந்து அதிகபட்சம் எவ்வளவு இறங்கியது என்ற கணக்கு ஆப்பிலேயே இருக்கும். 'மேக்ஸிமம் டிராடவுன்' என்று போட்டிருப்பார்கள். குவாண்டோபியன் ஆய்வு சொன்னதும் இதுதான், திரும்பி வருவது லாபம் இல்லை, பள்ளம்.

ஒரு அல்கோ வருஷத்துக்கு 60 சதவீத லாபம், ஆனால் நடுவில் 45 சதவீதம் இறங்கியது என்றால் வெல்டரின் ஒன்றரை லட்சம் ஒரு கட்டத்தில் 82,500 ஆகிறது. அந்தக் கட்டம் ஜூன் மாதமாக இருந்தால்? காலேஜில் போய் "அல்கோ ஏறட்டும், அப்புறம் கட்டுறேன்" என்று சொல்ல முடியுமா? பாதி இறங்கினால் பழைய இடத்துக்கு வர பாதி ஏறினால் போதாது, இரண்டு மடங்காக வேண்டும்.

அடுத்து தேதி பார்க்க வேண்டும். 2024 ஜூன் 4, நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த நாள். நிப்டி ஒரே நாளில் 1,379 புள்ளி, கிட்டத்தட்ட 6 சதவீதம் சரிந்தது. 2020 மார்ச் 23, கொரோனா பீதியில் 13 சதவீதம் சரிவு. இந்த இரண்டு நாளிலும் அந்த அல்கோ நிஜப் பணத்தில் என்ன செய்தது? 'அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சோம்' என்று பதில் வந்தால், அது மழையைப் பார்க்காத கூரை.

தினமும் லாபம் காட்டும் அல்கோவிடம்தான் கூடுதல் உஷார் தேவை. ஆப்ஷனை விற்கும் அல்கோக்கள் பல இப்படித்தான். 20 நாளில் 19 நாள் தலா 500 ரூபாய் வரும், ஆக 9,500. இருபதாவது நாள் ஒரே அடியாக 15,000 போகும். 'ஜெயிப்பு 95 சதவீதம்' என்று விளம்பரம் செய்யலாம், அது பொய்யும் இல்லை. பையில் 5,500 குறைந்திருக்கும்.

இன்னொரு ஜாதி, தோற்றால் டபுளாகப் போடுவது. நூறு ரூபாயில் ஆரம்பித்து தோற்கத் தோற்க இரண்டு மடங்காக்கினால், பத்து முறை தொடர்ந்து தோற்ற பிறகு பதினோராவது ஆட்டத்துக்கு 1,02,400 ரூபாய் தேவை. அதுவரை போனது 1,02,300. இவ்வளவும் அந்த முதல் நூறு ரூபாயை ஜெயிக்க! சீட்டாட்டக் கிளப்பில் தெருவுக்கு வந்தவர்கள் ஆடிய அதே ஆட்டம்தான், இப்போது கம்ப்யூட்டர் ஆடுகிறது.

செலவையும் யாரும் சொல்வதில்லை. 2023-24-ல் எஃப் அண்ட் ஓ-வில் ஆடிய தனிநபர் சராசரியாக 26 ஆயிரம் ரூபாயை புரோக்கர் கமிஷன், வரி, கட்டணம் என்றே தொலைத்ததாக செபி கணக்கு. அல்கோவுக்கு மாத வாடகை 1,500 என்றால் வருஷத்துக்கு 18 ஆயிரம். போட்ட பணம் ஒரு லட்சம் என்றால், 18 சதவீதம் சம்பாதித்த பிறகுதான் பூஜ்யத்துக்கே வருகிறார். லிஸ்டில் காட்டும் சதவீதத்தில் இதெல்லாம் கழித்தார்களா என்று கேட்டால் பல பேரிடம் பதில் இருக்காது.

மச்சானிடம் மாமா கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இன்னும் பாக்கி. "இந்த கம்பெனி இதுவரைக்கும் மொத்தம் எத்தனை அல்கோ விட்டுச்சு? மீதி எல்லாம் எங்கடா?" நஷ்டம் காட்டியதை சத்தமில்லாமல் தூக்கிவிட்டு, ஜெயித்ததை மட்டும் லிஸ்டில் வைத்தால் கடை எப்போதும் பளபளவென்றுதான் இருக்கும். ஐம்பது விட்டு மூன்றை வைத்திருந்தால், பரங்கிமலை ஸ்டேஷன் நாணயக் கதைதான்.

ஆதாரம் என்று கேட்டால் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள். ஸ்கிரீன்ஷாட்டை பத்தாம் கிளாஸ் பையன்கூட மாற்றுவான். புரோக்கர் ஒவ்வொரு நாள் வியாபாரத்துக்கும் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டை, ஒரு வருஷத்துக்கானதைத் தொடர்ச்சியாகக் கேட்க வேண்டும். அத்தனையும் தேறினாலும், உடனே பணத்தை இறக்காமல் இன்றைய தேதியைக் குறித்து வைத்து, ஆறு மாதம் சும்மா வேடிக்கை பார்ப்பது நல்லது. பழைய கேள்வித்தாளை வைத்து ஜெயித்ததா, புது பரீட்சையிலும் ஜெயிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். ஆறு மாதத்தில் ஓடிப் போகிற அல்கோ என்றால் போகட்டும், நம்ம பணம் பேங்கில் பத்திரமாக இருக்கும்.

மெஷினே மக்கர் செய்வதும் உண்டு. 2012 ஆகஸ்ட் 1-ம் தேதி அமெரிக்காவின் நைட் கேப்பிடல் என்ற பெரிய கம்பெனியில் ஒரு சர்வரில் பழைய புரோகிராமை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். தாறுமாறாக ஆர்டர் போய் 45 நிமிடத்தில் 44 கோடி டாலர் காலி. கம்பெனியே கைமாறியது. எனவே நஷ்டம் ஒரு அளவைத் தாண்டினால் அல்கோவை நிறுத்தும் பட்டன் எங்கே இருக்கிறது, ஷிப்டில் இருக்கும்போது அதை யார் அழுத்துவார்கள் என்பதையும் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

பார்க்ஸ் ரோபோ: தொடவே வேண்டாம்

இதுவரை சொன்னது சட்டப்படி நடக்கும் அல்கோக்களைப் பற்றி. டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றும் 'பார்க்ஸ் ரோபோ' கதை வேறு. டாலர், யூரோ என்று வெளிநாட்டு தளத்தில் ரோபோ வியாபாரம் செய்யும் என்பார்கள். அனுமதி இல்லாத தளங்களில் அந்நியச் செலாவணி வியாபாரம் செய்தால் பெமா சட்டப்படி, பணம் கட்டியவர் மீதே நடவடிக்கை வரலாம் என்று ரிசர்வ் வங்கி எச்சரித்திருக்கிறது. 2022 செப்டம்பரில் 34 பெயர்களோடு ஒரு எச்சரிக்கைப் பட்டியல் விட்டது. அதன் பிறகு பட்டியல் நீண்டுகொண்டே போனது. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அனுமதி உண்டு என்று அர்த்தம் இல்லை என்பதையும் ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.

மாதம் நிச்சய லாபம் என்ற பேச்சு சென்னைக்குப் புதுசும் இல்லை. அமைந்தகரையில் இருந்த ஆருத்ரா கோல்டு டிரேடிங், மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி சுமார் 1 லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கியதாக பொருளாதார குற்றப்பிரிவு போலீஸ் 2022-ல் வழக்கு போட்டது. அங்கே அல்கோ என்ற வார்த்தை இல்லை, தங்கம் என்றார்கள். இப்போது சிலர் ரோபோ என்கிறார்கள். மாத வட்டி கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

பணம் கட்டச் சொல்லும் இடத்திலும் ஒரு அடையாளம் உண்டு. செபியில் பதிவு பெற்றவர்களுக்கு 2025 அக்டோபரில் இருந்து தனி யு.பி.ஐ. முகவரி வந்திருக்கிறது. அதில் 'வேலிட்' என்ற சொல் இருக்கும். 'செபி செக்' என்ற வசதியில் அந்த முகவரி அசலா என்று பார்த்துக்கொள்ளலாம். யாரோ ஒரு தனி ஆளின் செல்போன் நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னால், பண்ணக் கூடாது. பண்ணிவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் சைபர் கிரைம் எண் 1930-க்கு போன் அடிக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு உண்டு.

சந்தையில் பச்சை கலர் சதவீதத்துக்கு ஒரு நடுநிலை ஆடிட்டர் வேண்டும் என்ற பேச்சு ரொம்ப நாளாக இருந்தது. அதற்காக 'பார்வா' என்ற ஏற்பாட்டுக்கு 2025 ஏப்ரலில் செபி விதி வகுத்து, டிசம்பரில் சோதனை முறையில் தொடங்கியது. கேர் ரேட்டிங்ஸ் நிறுவனம் கணக்கைச் சரிபார்க்கும், தேசிய பங்குச் சந்தை தகவலைத் தரும். ஆலோசகர், அனலிஸ்ட், அல்கோ தருபவர் என யார் லாபக் கணக்கு காட்ட விரும்பினாலும் இதன் முத்திரையோடு காட்டலாம்.

இதில் ஒரு பிடி வைத்திருக்கிறார்கள். சேர்ந்த நாளில் இருந்து நடப்பதை மட்டும்தான் எண்ணுவார்கள். சேருவதற்கு முன்னால் ஓட்டிய பேக் டெஸ்ட், பத்துக்குப் பத்து, 1 லட்சம் 9 லட்சம் எதுவும் செல்லாது. எல்லா அல்கோவும் முதல் நாள் பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.